அம்மப்பாவின் பேரேடும் இரண்டு இரவு ரயில்களும்

பிரித்தானியக் கடற்படை 1957இல் திருகோணமலையை விட்டுக் கிளம்பும் வரை அம்மப்பாவுக்குத் துறைமுகத்தில்தான் வேலை. அவர் விட்டுப்போனது ஒரு அல்பமும், பத்திரிகைத் துண்டுகள் ஒட்டிய பழைய கணக்குப் பேரேடும். கடல் காற்றில் இரண்டும் உக்கிக்கொண்டிருந்தன. ஸ்கான் செய்து வைப்போம் என்று இறங்கினேன்.

முதல் அடி ஒரு ஸ்டூடியோவில். 1963 கோணேசர் கோயில் கும்பாபிஷேகப் படத்தைக் கொடுத்துவிட்டு, சாமான் வாங்கப் போய்த் திரும்பினால், படம் லாமினேட் ஆகியிருக்கிறது. "பழுதாகாமல் இருக்கட்டும் எண்டுதான் அண்ணா, காசு வேண்டாம்" என்றான் பொடியன். அதை இனிப் பிரிக்க வழியில்லை. பின்பக்கத்தில் அம்மப்பா பென்சிலால் எழுதியிருந்த பெயர்கள் பிளாஸ்டிக்குக்குள் மங்கலாகத் தெரிகின்றன. மூலப் படத்தைக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கான் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கானின் நுணுக்கம் 600 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) குறைய விடவேண்டாம்.

மற்றப் படங்களை வீட்டிலேயே செய்தேன். அல்பத்தின் பசைத்தாளில் ஒட்டிப்போனவற்றைப் பிய்க்காமல், பல் இடுக்கில் விடும் நூலை அடியில் கொடுத்து மெல்ல அறுத்தால் கழன்று வருகின்றன. அசையாதவற்றைப் பக்கத்தோடேயே ஸ்கான் எடுத்தேன்.

பேரேட்டில்தான் சிக்கல். கூரை பறந்த வீடுகள், விழுந்த தென்னைகள், "திருமலையில் சூறாவளி" என்ற தலைப்பு; திருமலை என்றால் எங்கள் திருகோணமலைதான். திகதியை அம்மப்பா வெட்டி எறிந்துவிட்டார். அம்மா 64 என்கிறா, மாமி 78 என்கிறா. சரி, பழைய பத்திரிகைகளைப் பார்த்துவிடுவோம் என்று இரவு ரயிலில் கொழும்பில் உள்ள சுவடிக்கூடத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கடிதம் வேண்டுமாம், அடையாள அட்டையின் போட்டோக்கொப்பியும் வேண்டுமாம். என்னிடம் இருந்தது போனில் எடுத்த படம் மட்டும். போகுமுன் தொலைபேசியில் கேட்டபோது இதில் ஒன்றையும் சொல்லவில்லை!

கிராம சேவகரின் கடிதத்தோடு இரண்டாம் முறை போனேன். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் கேட்ட மாதத்துக் கட்டு பைண்டிங்குக்குப் போயிருப்பதாகச் சொன்னார். எப்போது வரும்? "தெரியாது." இன்ன மாதத்துக் கட்டு இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யாமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து, கோபத்தில் பேரேட்டைத் தூக்கிய நேரம் அந்தத் துண்டின் ஒரு மூலை கிளம்பி நின்றது. பசை காய்ந்து விட்டிருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் பின்பக்கத்தில் தனுஷ்கோடியில் கடல் கொண்டுபோன ரயிலைப் பற்றிய செய்தி. 1964 டிசம்பர் 22 இரவு அந்த ரயிலை விழுங்கியது எங்கள் ஊரை அடித்த அதே புயல்தான். இரண்டு தடவை கொழும்புக்குப் போய்க் கிடைக்காத விடை துண்டின் பின்பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

மாமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தா. "இது இந்தியாவில நடந்ததடா, எங்கட புயல் 78இல தான்" என்றா.