ஜோர்ஹாட், மழை நாட்கள்

ஜூன் 19
வயிற்றில் பிள்ளை. எழக் கூடாது என்றால் எழக் கூடாதுதானாம், டாக்டர் சொல்கிறார். கழிப்பறை வரை மட்டும் அனுமதி.

ஜூன் 21
ஜன்னல் வழியே தெரிவது வேலி ஒன்றுதான். இரும்புத் தகடு, வரிசைக்கு 29 ஓட்டை, மூன்று வரிசை, ஆக 87. சேற்றின் மேல் இந்தத் தகடுகளைக் கோத்து விரித்துத்தான் இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கர்கள் விமானம் இறக்கினார்கள். போர் முடிந்ததும் அசாமில் பாதி வீட்டுக்கு வேலியாகிவிட்டது. எந்த விமானத் தளத்துத் தகடு என்று வீட்டுக்கார பைதேவிடம் (அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கேட்டேன். மாமனார் வாங்கிப் போட்டது என்றார், அவ்வளவுதான். இப்போது அதில் பாகற்கொடி ஏறியிருக்கிறது. ஓட்டைக்கு ஓட்டை நுழைந்து வருகிறது.

ஜூன் 24
தூக்கம் இல்லை. விடியும் வரை கைப்பேசியில் அந்த யுத்தத்தில் பெட்ரோல் சுமந்த சி-109 விமானத்தைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

அடிப்படையில் அது பி-24 லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானம். துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு, மூக்கிலும் குண்டு வைக்கும் இடத்திலும் டாங்குகளைத் திணித்துவிட்டார்கள். இப்படி மாற்றியவை 200-க்கும் மேல். ஒவ்வொன்றிலும் சுமார் 11,000 லிட்டர் விமானப் பெட்ரோல், கிட்டத்தட்ட 8 டன். குர்மிடோலா போன்ற வங்காளத் தளங்களிலிருந்தும் இந்த அசாமிலிருந்தும் கிளம்பி, இமயமலையைத் தாண்டிச் சீனாவில் இறங்க வேண்டும். 1942-இல் ஜப்பானியர் சீனாவுக்குப் போகும் பர்மா சாலையை அடைத்த பிறகு வேறு வழி இல்லை. செங்டூவில் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் எண்ணெய்க்காகக் காத்திருந்தன.

குண்டுவீச்சு விமானம் சுமையை வானத்திலேயே உதிர்த்துவிட்டு வரும். தரையைத் தொடும்போது வெறும் வயிறு. இதுவோ நிறைவயிறோடு இறங்க வேண்டும், அதுவும் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்மிங் போன்ற இடத்தில். அங்கே காற்று மெலிந்திருக்கும். இறங்கும் வேகம் கூடும், நிற்பதற்கு ஓட வேண்டிய தூரமும் கூடும். முன்சக்கரம் ஒடிந்தால்? கட்டியவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இறக்கம் இது. ஏறுவதைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இறங்குவதுதான் மண்டையைக் குடைகிறது.

ஜூன் 25
அவர் ரிஃபைனரியிலிருந்து வந்து குளித்த பிறகும் பெட்ரோல் வாடை அடிக்கிறது. அடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார். கூடத்தில் படுக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 28
"காலி டாங்க்தான் பொல்லாதது" என்றார் அவர், ரசம் ஊற்றிக்கொண்டே. நிறைந்த டாங்கில் ஆவிக்கு இடம் இல்லை. காலியானதில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், ஒரு பொறி போதும். ஆக, இறக்கிவிட்டுத் திரும்பும் வழியிலும் அந்தப் பையன்களுக்கு நிம்மதி கிடையாது. டாங்குக்குள் எரியாத வாயுவைச் செலுத்தும் ஏற்பாடு இருந்தது என்று படித்ததைச் சொன்னேன். இருந்தால் மட்டும் போதுமா, ஒரு கசிவு போதாதா என்றார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; தாழ்வான இடம் தேடிப் போய்த் தேங்கும்.

விமானிகள் சி-109-க்கு வைத்த பெயர் சி-ஒன்-ஓ-பூம்; 'நைன்' இருக்க வேண்டிய இடத்தில் வெடிச்சத்தம். சிரித்தேன். சிரித்தால் அடிவயிறு இழுக்கிறது.

ஜூன் 29
கொஞ்சம் ரத்தம் பட்டது. மிகக் கொஞ்சம்தான். டாக்டரிடம் போனில் சொல்லியாகிவிட்டது.

ஜூலை 2
காலையில் மேகத்துக்கு மேல் ஏதோ பறந்தது. சத்தம் மட்டும் கேட்டது. 2019 ஜூன் 3 அன்று இங்கிருந்து அருணாசலப் பிரதேசத்து மெச்சுகாவுக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் நினைவுக்கு வந்தது. 13 பேர். சிதைவைக் கண்டுபிடிக்கவே 8 நாள் ஆனது, இந்தக் காலத்தில். அப்படியானால் 1944-இல்?

பி-24-இன் இறக்கை மெல்லியது, நீளமானது. அதனால்தான் அவ்வளவு தூரம் பறக்கும். அதே இறக்கையில் பனி உறைந்தால் தாங்காது.

ஜூலை 3
அம்மா ஈரோட்டில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டாள். பிரசவ மருந்து, வளையல், முருங்கைக்கீரைப் பொடி. "கண்டதையும் படிக்காதே, சாமி. கந்தனை நினைத்துக்கொண்டு படு." சரி அம்மா என்றேன்.

ஜூலை 4
இன்றைக்குக் கோபம். 1945-இல் பி-29களையெல்லாம் பசிபிக் கடலில் இருக்கும் மரியானா தீவுகளுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அங்கே எண்ணெய் கப்பலிலேயே வந்து இறங்கியது. அதற்கு முன்பு ஒரு பி-29 ஜப்பானுக்கு ஒரு முறை போய்வர, அதற்கான எண்ணெயைச் சேர்க்க எத்தனை தடவை மலையைத் தாண்டினார்கள்! மேசையில் வரைபடத்தை விரித்துவைத்து முடிவெடுத்தவர்களில் ஒருவராவது அந்த நிறைவயிற்று விமானத்தில் உட்கார்ந்து குன்மிங்கில் இறங்கிப் பார்த்திருக்கலாம்.

இதை எழுதும்போது உள்ளே ஓர் உதை. விலாவுக்குக் கீழே, வலப்பக்கம்.

ஜூலை 5
மறுபடியும் பட்டது. போன தடவையைவிட அதிகம். அவர் வண்டி எடுக்கப் போயிருக்கிறார். அம்மா இன்னும் பீகாரையே தாண்டவில்லை. பையில் சார்ஜர், ஸ்கேன் கோப்பு, இரண்டு நைட்டி. பைதேவ் தலை வாரிவிட வந்திருக்கிறார், பிறகு