உரமா, எலி மூத்திரமா? ஒரு பெட்டிக் கறைக்காக மூன்று வாரம் அலைந்தேன்

திருப்பாதிரிப்புலியூரில் முந்திரிப் பருப்பு பேக் செய்து விற்கிறோம். பருப்பு பண்ருட்டியிலிருந்து வரும், அட்டைப் பெட்டி வெளியூரிலிருந்து. போன மாதம் வந்த ஐந்து கட்டில் ஒன்றைப் பிரித்ததுமே குப்பென்று நெடி. பெட்டியின் உட்புறச் சாம்பல் அட்டையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மஞ்சள் திட்டு. ஓரம் கருத்து, காய்ந்து மொரமொரவென்று இருந்தது. பக்கத்திலேயே இரண்டு புழுக்கை.

பெட்டி விற்றவரிடம் சொன்னால், "லாரியில முன்னாடி உர மூட்டை ஏத்தியிருப்பாங்கண்ணா, யூரியா பட்டிருக்கும்" என்கிறார். குழந்தைகள் தின்கிற பொருள் போகிற பெட்டி. எலிக்காய்ச்சல் கிருமி எலி மூத்திரத்தில் வரக்கூடியது. எப்படி விடுவது?

கள்ளநோட்டு பார்க்கும் விளக்கை அடித்தேன். எலி மூத்திரம் அதில் நீலவெள்ளையாக ஒளிரும் என்பது உண்மைதான். ஆனால் பெட்டியின் வெள்ளை முகப்பு முழுக்கவே ஒளிர்ந்தது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் இரசாயனமும் அப்படித்தான் மின்னுமாம். அந்த போட்டோவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

சரி என்று புதுச்சேரியில் ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போனேன். பணம் வாங்கினார்கள், ரசீது தந்தார்கள். ஆறு நாள் கழித்து போன்: "நாங்க உணவுல கிருமிதான் பார்ப்போம் சார், அட்டையில இதெல்லாம் செய்யறதில்ல." இதை முதல் நாளே கவுன்டரில் சொல்லியிருக்கலாமே! மறுபடி பஸ் ஏறிப் போய், கொடுத்த கறைத் துண்டைத் திரும்ப வாங்கினால், பாலிதீன் கவருக்குள் வியர்த்துக் கறை பரவிக் கிடக்கிறது. ஆய்வகங்களுக்குக் கொடுக்கும் என்ஏபிஎல் அங்கீகாரச் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது. எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்று கூடவே ஒரு பட்டியல் இருக்கும், அதைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கறைத் துண்டைக் காகித உறையில் போடுங்கள். ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், மூத்திரத்தில் இருக்கும் யூரியா தண்ணீரில் கரைந்து போய்விடும்.

அடுத்தது சென்னை. அங்கிருந்த அம்மா முதலில் கேட்டதே, "அதே கட்டுல கறை படாத துண்டு கொண்டு வந்தீங்களா?" நல்லவேளை, முழுப் பெட்டியாகவே எடுத்துப் போயிருந்தேன். யூரியேஸ் என்ற நொதியும், நிறம் மாறிக் காட்டும் புரோமோதைமால் நீலம் என்ற சாயமும் ஏற்றிய மஞ்சள் தாளை நனைத்துக் கறைமேல் வைத்தார். திட்டு இருந்த இடம் மட்டும் மெல்ல நீலமானது. யூரியேஸ் யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குவதால் வருகிற நிறம்.

"ஆனா உர யூரியாவுக்கும் நீலமாத்தான் ஆகும்" என்றார். வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் அவரே வழி சொன்னார்: அல்லன்டோயின் பார்க்கலாம். எலி மாதிரி விலங்குகள் யூரிக் அமிலத்தை அல்லன்டோயினாக மாற்றி மூத்திரத்தில் விடும். மனிதனுக்கு அப்படி மாற்றுகிற நொதி கிடையாது. உரத்திலும் அல்லன்டோயின் இருக்காது. கலந்திருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் மென்படல வண்ணப்பிரிகை என்ற அந்தச் சோதனைக்குத் தனிக் கட்டணம். யோசிக்காமல் கட்டினேன்.

கறைத் துண்டில் யூரியா, அல்லன்டோயின் இரண்டும் இருந்தன, சுத்தமான துண்டில் இரண்டுமே இல்லை. அறிக்கையில் 'எலி' என்று எழுதமாட்டார்கள், விலங்கின் சிறுநீர் என்ற அளவில்தான். மிச்சத்தைப் புழுக்கை போட்டோ சொன்னது.

விற்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மாத்தி அனுப்பறேண்ணா" என்றார். ஆய்வகச் செலவைத் தர மறுத்துவிட்டார், அது இன்னும் எரிகிறது. புதுப் பெட்டி வந்த அன்று டிரைவரை அரை மணி நேரம் நிறுத்திவைத்து, ஒவ்வொரு கட்டையும் வாசலிலேயே பிரித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். பழைய ஐந்து கட்டும் அதே லாரியில் ஏறின.