நட்சத்திர மீனை இடம் மாற்றி வைத்த கதை

மகளுக்கு விலங்கியல் தேர்வு. உதவுகிறேன் பேர்வழி என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள், உயிரியலை விட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது. விலங்குகளின் குடும்ப மரத்தை வரைந்து காட்டச் சொன்னாள். ஜெல்லி மீன் வட்டமாக இருக்கும், நட்சத்திர மீனும் கிட்டத்தட்ட வட்டம்தான் என்று இரண்டையும் ஒரே கிளையில் போட்டேன். எறும்பை நமக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்குத் தலை இருக்கிறது, இடம் வலம் இருக்கிறது, சுறுசுறுப்பு வேறு.

"அம்மா, நம்ம சொந்தக்காரரைக் கொண்டுபோய் யார் வீட்டு வாசலிலோ விட்டுட்டியே" என்று சிரித்தாள்.

வளர்ந்த உருவத்தைப் பார்த்து ஏமாறக் கூடாதாம், கருவைப் பார்க்க வேண்டுமாம். நட்சத்திர மீனின் உறவான, உடலெல்லாம் முள்ளாக உருண்டையாய் இருக்கும் கடல் அர்ச்சினின் முட்டை பிளந்து பிளந்து உள்ளே வெற்றிடம் உள்ள ஒரு பந்தாகிறது. அப்புறம் ஓரிடத்தில் அந்தப் பந்து உள்ளே குழிகிறது. காற்றுப் போன பந்தை விரலால் அமுக்கினால் குழி விழுமே, அப்படி. அந்தக் குழி நீண்டு குடலாகிறது. குழியின் வாசல் என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எறும்பு, நத்தை, மண்புழு இருக்கும் பக்கத்தில் அது வாயாகும் என்பது பழைய விதி. கடல் அர்ச்சினிலும் நட்சத்திர மீனிலும் அது ஆசனவாயாகிறது, வாய் பிறகு வேறிடத்தில் திறக்கிறது. முதுகெலும்புள்ள நாமும் அந்தக் கூட்டம்தான். நம் கருவில் பந்து இப்படிக் குழிவதில்லை, அதே வேலை ஒரு கோட்டின் வழியே நடக்கிறது. எறும்புப் பக்கத்திலும் விதியை மீறும் புழுக்கள் உண்டு. ஆனாலும் நட்சத்திர மீன் நம் கிளையில்தான் இருக்கிறது என்பதை மரபணு ஒப்பீடுகள் உறுதி செய்துவிட்டன.

அப்படியானால் அந்த ஐந்து கை? நட்சத்திர மீனின் குஞ்சுப் பருவத்தில் அது கிடையாது. இடமும் வலமுமாக, நம்மைப் போல இருபக்கச் சமச்சீரோடு நீந்துகிறது. பிறகு பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்தே ஐந்து கதிர் உடல் உருவாகிறது. 2023-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு இன்னொரு படி மேலே போனது. மற்ற விலங்குகளில் தலையைக் குறிக்கும் மரபணுக்கள்தான் நட்சத்திர மீனின் தோல் முழுக்க இயங்குகின்றன, நடு உடலைக் குறிப்பவை அங்கே பெரும்பாலும் காணோம். ஏறக்குறைய தலையே ஊர்ந்து போகிற பிராணி! இதைப் படித்த ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை.

இரண்டு செல் நிலையில் இருந்த கடல் அர்ச்சின் கருவை 1891-இல் ஹான்ஸ் டிரீஷ் என்ற ஜெர்மன் உயிரியலாளர் குலுக்கிப் பிரித்தார். பாதிப் பாதி உடல் வரும் என்று எதிர்பார்த்தால், சிறியதாக இரண்டு முழுக் குஞ்சுகள் வந்தன. எந்த இயந்திரத்தைப் பாதியாக்கினாலும் இப்படி நடக்காதே என்று குழம்பி, மனிதர் பிற்பாடு தத்துவத்துக்கே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசிப் பாடம் இனத்தொகைப் பெருக்கம். எண் என்பதால் இது என் ஏரியா. ஒரு தாய் 10 லட்சம் முட்டை இட்டு, அத்தனையும் பிழைத்து, பாதி பெண்ணாகி, அவையும் அதே அளவு இட்டால் பேரக் கணக்கு 50,000 கோடி. இதை வரைபடமாகப் போட்டால் ஆங்கில ஜே எழுத்து வடிவ வளைவு. நிஜத்தில் இரையும் இடமும் தீரத் தீர வேகம் குறைந்து வளைவு எஸ் ஆகிறது. அந்த எஸ் வளைவுக்கான சமன்பாட்டை 1838-இல் எழுதியவர் வெர்ஹுல்ஸ்ட் என்ற பெல்ஜியக் கணிதவியலாளர். தொகை ஏறாமல் இறங்காமல் நின்றால், ஒரு ஜோடி வாழ்நாளெல்லாம் இட்ட முட்டைகளில் சராசரியாக இரண்டுதான் வளர்ந்து இனம் பெருக்கும் வயதை எட்டுகின்றன என்று அர்த்தம். மீதியெல்லாம் வரவில் வராத செலவு.

மரத்தை அழித்து மறுபடி வரைந்தோம். எறும்பு அந்தப் பக்கம் போனது, நட்சத்திர மீன் நம் பக்கம் வந்தது. தேர்வு முடிந்து வந்தவளிடம் ஆசையாகக் கேட்டேன். மரம் வரவே இல்லையாம். ஜே வளைவுக்கும் எஸ் வளைவுக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் கேட்டார்களாம்.