அல்கோலின் மங்கல் நேரத்தை வெறுங்கண்ணால் கணித்த அனுபவம்

முதுகலை இயற்பியல் ஆய்வேட்டுக்கு அல்கோல் விண்மீனை நான் தேர்ந்துகொண்டபோது, எங்கள் துறையில் தொலைநோக்கி ஏதும் இல்லை. திருவையாற்றை ஒட்டிய எங்கள் ஊரின் நெற்களமும், ஒரு கைக்கடிகாரமும், சொல்வதை எழுதிக்கொள்ள என் தங்கையும் இருந்தார்கள். கார்த்திகைக்கு வடக்கே சற்று மேற்காக நிற்கும் அல்கோல், 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை 2.1 பொலிவெண்ணிலிருந்து (விண்மீனின் ஒளி அளவு; எண் கூடினால் ஒளி குறைவு) 3.4 வரை மங்கி, ஏறத்தாழ 10 மணி நேரத்துக்குள் பழைய ஒளிக்குத் திரும்பிவிடும். நீலவெண்மையான விண்மீனின் பெரும்பகுதியை அதன் குளிர்ந்த துணை விண்மீன் மறைப்பதால் நேரும் கிரகணம் அது. காது கேளாத இளைஞரான ஜான் குட்ரிக் இந்தச் சுற்றுக்காலத்தை வெறுங்கண்ணால் கணித்து 1783இல் அறிவித்தபோது அவருக்கு வயது 18 என்று படித்ததே எனக்குத் துணிவு தந்தது.

முதல் பருவம் வீணாயிற்று. மூன்று நாளுக்கு 3 மணி 11 நிமிடம் குறைவான சுற்றுக்காலம் என்பதால், ஒரு மங்கல் இரவு 1 மணிக்கு நேர்ந்தால் மூன்று நாள் கழித்து 9.50க்கும், அதற்கடுத்தது மாலை 6.40க்கும் வரும், இறங்குமுகமும் ஏறுமுகமும் ஒரே இரவில் முழுதாகக் கிடைப்பது அவற்றுள் ஒன்றுதான், அதைத் தவறவிட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஐப்பசியையும் கார்த்திகையையும் வடகிழக்குப் பருவமழை எடுத்துக்கொண்டது. தை மாதத்தில் கிடைத்த ஓர் இரவில், அருகிலேயே இருக்கிறது என்ற வசதிக்காக ரோ பெர்சியை ஒப்பீட்டு விண்மீனாக வைத்துக்கொண்டேன். அதுவே ஒளி மாறும் விண்மீன் என்பதை நெறியாளர்தான் சுட்டிக்காட்டினார். அதைவிடப் பெரிய பிழையையும் அவர் கண்டுபிடித்தார்: எதிர்பார்க்கும் நேரத்தைக் குறிப்பேட்டின் தலைப்பிலேயே எழுதிவைத்திருந்ததால், என் மதிப்பீடுகள் எல்லாம் அந்த நேரத்தை நோக்கியே சரிந்திருந்தன.

மறு ஆண்டு அவர் தேதியை மட்டும் சொன்னார், நேரத்தைச் சொல்லவில்லை. பொங்கல் கழிந்த நான்காம் நாள் மாலை ஆறே முக்காலுக்கு உட்கார்ந்தோம். இம்முறை எப்சிலான் பெர்சி (2.9), ஆல்ஃபா டிரையாங்குலி (3.4) ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட ஒளி வேறுபாட்டை மனத்தில் ஐந்து படியாகப் பிரித்து, அல்கோல் எந்தப் படியில் நிற்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னேன். இரண்டாம் படி என்றால் 3.1. தங்கை சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிய டார்ச் ஒளியில் பென்சிலால் எழுதினாள். முந்தைய ஆண்டு பேனா மையைப் பனி கரைத்துவிட்டிருந்தது. "முன்னே சொன்னதைப் படிக்கவா அண்ணே?" என்று ஒருமுறை கேட்டாள். "வேண்டாம்மா, பக்கத்தைத் திருப்பிடு" என்றேன். எட்டு மணிவாக்கில் பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் விளக்கைப் போட, கண் மீண்டும் இருளுக்குப் பழக இருபது நிமிடமாயிற்று. பன்னிரண்டே முக்காலுக்கு அல்கோல் வடமேற்கில் பனிப்புகைக்குள் தாழ்ந்ததும் நிறுத்திக்கொண்டோம்.

வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் நமக்கு மாலை 5.30 மணிக்குத் தொடங்குவதால், நள்ளிரவில் தேதி மாறும் குழப்பம் கணக்கில் வரவில்லை. வரைபடத் தாளில் புள்ளிகளை இட்டு, இறங்குமுகத்தையும் ஏறுமுகத்தையும் இணைக்கும் கிடைக்கோடுகளின் நடுப்புள்ளிகள் வழியே ஒரு கோடு இழுத்தேன்; அது வளைவின் அடியைத் தொட்ட நேரம் 9.40. அந்த நாட்களில் பூமி, சூரியனைக் காட்டிலும் அல்கோலுக்குச் சற்று அருகில் இருப்பதால், ஒளி நம்மிடம் முந்தி வந்துசேர்கிறது. சூரியனிலிருந்து பார்க்கும் நேரமாக அதை மாற்ற, ஏறத்தாழ நான்கு நிமிடம் கூட்டினேன். பிறகுதான் நெறியாளர் தம் மேசை இழுப்பறையிலிருந்து கணிப்பு நேரம் எழுதிய சீட்டை எடுத்தார். வேறுபாடு ஒன்பது நிமிடம்.

இரவு 8.10க்கு, இயந்திர விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது, நான் சொன்ன ஒரு மதிப்பீடு மட்டும் வளைவை விட்டு வெகுவாக மேலே நின்றது. அதை நீக்கிவிடலாமா என்று கேட்டேன். காரணத்தை அடிக்குறிப்பில் எழுதிவிட்டு அப்படியே வைக்கச் சொன்னார். ஆய்வேட்டின் வரைபடத்தில் அந்தப் புள்ளி வட்டமிடப்பட்டு, தனியாக இருக்கிறது.