பால்டிக் கடலை வலம்வர: முதலில் கப்பல், பிறகு சாலை

மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் கோடைக்கு வருவதாக முடிவானதும், ஹாம்பர்கில் எங்கள் சமையலறைச் சுவரில் பால்டிக் கடலின் வரைபடத்தை ஒட்டினேன். ஜெர்மனியில் புறப்பட்டு டென்மார்க், சுவீடன், பின்லாந்து, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா என்று வலம்வந்து மீண்டும் ஜெர்மனி. சொந்தக் கார், நான்கு பேர், பதினாறு நாள். வழியில் ஐந்து முறை காரோடு கப்பல் ஏற வேண்டும்.

நான் தொடங்கிய விதமே தவறு. முதல் இரண்டு வாரமும் தங்கும் இடங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்டாக்ஹோமில் ஜூன் மூன்றாம் வாரத்துக்கு அறை எடுத்துவிட்டுக் கப்பல் டிக்கெட்டைப் பார்த்தால், ஹெல்சின்கி போகும் இரவுக் கப்பல்களில் நான்கு பேர் படுக்கும் அறை ஒன்றுகூட இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை சுவீடனில் மிட்சம்மர் என்னும் கோடைத் திருவிழாக் கொண்டாட்டம். நம் ஊரில் தீபாவளிக்கு முந்தைய நாள் பஸ் நிலையம் எப்படி இருக்குமோ அப்படி. பின்லாந்திலும் அதே வார இறுதி. எஸ்டோனியாவிலும் லாட்வியாவிலும் ஜூன் 23, 24. நான் குறித்த தேதிகள் இவை அத்தனையிலும் போய் முட்டின. அறையை ரத்துசெய்து, பயணத்தை ஜூலைக்குத் தள்ளினேன்.

பந்தல் போடுகிறவர் முதலில் காலைத்தான் ஊன்றுவார், கீற்று பிறகு. இந்தப் பயணத்துக்குக் கப்பல்கள்தான் பந்தற்கால். சாலையில் இரண்டு மணி நேரம் தாமதமானால் விடுதிக்காரரிடம் போனில் சொல்லிவிடலாம். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

ஐந்து கால்களும் ஒரே உறுதி கொண்டவை அல்ல. ஜெர்மனியின் புட்கார்டனிலிருந்து டென்மார்க்கின் ரோட்பிக்கு 45 நிமிடம். டென்மார்க்கின் ஹெல்சிங்கோரிலிருந்து சுவீடனின் ஹெல்சிங்போரிக்கு இருபதே நிமிடம். இரண்டும் டவுன் பஸ் மாதிரி. ஒன்றை விட்டால் அடுத்தது வரும். கோபன்ஹேகனிலிருந்து மால்மோவுக்கு 2000இல் திறந்த ஓரசுண்ட் பாலம் இருக்கும்போது ஹெல்சிங்கோருக்கு ஏன் போக வேண்டும் என்று மனைவி கேட்டாள். அம்மா கப்பலே ஏறியதில்லை. ஒரு முழு இரவைக் கடலில் கழிப்பதற்கு முன்னால் சிறு தூரங்களில் பழகட்டும் என்று நினைத்தேன். குரோன்போர்க் கோட்டையைப் பார்த்தபடி கடந்த அந்த இருபது நிமிடத்தில்தான் அம்மாவின் பயம் தெளிந்தது. அந்தத் தேர்வு இன்றும் எனக்குத் திருப்தி தருகிறது.

மீதி மூன்றுதான் அசையாத கால்கள்: ஸ்டாக்ஹோம்–ஹெல்சின்கி இரவுக் கப்பல், ஹெல்சின்கி–தாலின் இரண்டு மணி நேரச் சொச்சம், கடைசியாக லிதுவேனியாவின் கிளைபெடாவிலிருந்து ஜெர்மனியின் கீலுக்கு ஏறக்குறைய இருபது மணி நேரம். கடைசி ஒன்று முதல் திட்டத்தில் இல்லை. போலந்து வழியாக ஓட்டிக்கொண்டே வந்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் நேர் வழியில் ரஷ்யாவின் கலினின்கிராட் குறுக்கே கிடக்கிறது. சுற்றி வந்தால் 1,300 கிலோமீட்டருக்கு மேல். அப்பாவுக்கு முழங்கால் வலி. நீண்ட நேரம் மடக்கி உட்கார முடியாது. பெட்ரோல், இரண்டு இரவு விடுதி எல்லாம் கூட்டிப் பார்த்தேன். கப்பல் சற்றுக் கூடுதலாகத்தான் வந்தது. யோசிக்காமல் கப்பலையே எடுத்தேன்.

டிக்கெட் போடும்போது காரின் நீளத்தோடு உயரத்தையும் கேட்பார்கள். பதிவுச் சான்றிதழில் இருப்பது வெறும் காரின் உயரம். எங்கள் கார் மேல் பெட்டி பொருத்தியிருந்தோம். துடைப்பக் கட்டையைப் பெட்டியின் உச்சியில் படுக்கைவாட்டில் வைத்து மனைவி பிடித்துக்கொள்ள, அதன் நுனியிலிருந்து தரைவரை டேப்பால் அளந்தேன்: 1 மீட்டர் 94 சென்டிமீட்டர். தாழ்வான கார் தளத்துக்கு இது ஆகாது. உயரமான வண்டிகளுக்கான கட்டணத்தில் போட வேண்டியிருந்தது. அளவைக் குறைத்துச் சொல்லிவிட்டுத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டால், உயரமான தளத்தில் இடம் மிச்சமிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

என்னை அதிகம் அலைக்கழித்தது அம்மாவின் பெயர். நம் ஊர்ப் பெண்கள் பலரைப் போலவே அம்மாவுக்கும் ஒற்றைப் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. கப்பல் டிக்கெட் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. அப்பாவின் பெயரைப் போட்டால் பாஸ்போர்ட்டோடு பொருந்தாது. ஒரு கம்பெனியில் போனை எடுத்தவர் ஏதாவது எழுதுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அது எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஏதாவது எழுதுவதற்கு அது என் அம்மாவின் பெயர் அல்லவா? மறுநாள் வேறொருவர் பொறுமையாகக் கேட்டு, அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லி, மின்னஞ்சலிலும் உறுதிசெய்தார். அந்த மின்னஞ்சலை அச்செடுத்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

பெயரில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தேடிப் படித்தபோது மனம் கனத்தது. 1994 செப்டம்பர் 28 அன்று, தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போன ‘எஸ்டோனியா’ கப்பல் இதே கடலில் மூழ்கி 852 பேர் இறந்தார்கள். 1998இல் ஐரோப்பிய ஒன்றியம், 20 கடல் மைலுக்கு மேல் போகும் கப்பல்களில் ஒவ்வொரு பயணியின் பெயரையும் பதிவுசெய்ய வேண்டும் என்று விதித்தது. புட்கார்டனில் யாரும் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. ஸ்டாக்ஹோமில் ஒவ்வொருவராகச் சரிபார்த்தார்கள். அதன் பிறகு அந்தப் படிவத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இதையெல்லாம் செய்யும்போது அப்பா, அம்மாவின் விசா கையில் இல்லை. அதனால் ரத்துசெய்யக்கூடிய டிக்கெட்டாகவே, விலை கூடினாலும் எடுத்தேன். அவர்கள் அதிக நாள் தங்கும் நாடு ஜெர்மனி என்பதால் ஜெர்மனிக்கே விண்ணப்பம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. எல்லாமே தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் நாடுகள் என்றாலும் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் புதைத்துவிடாதீர்கள். ரோட்பியில் இறங்கியதும் டென்மார்க் போலீசார் நிறுத்திப் பார்த்தார்கள்.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். பின்லாந்தும் மூன்று பால்டிக் நாடுகளும் சுவீடன், ஜெர்மனியைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருப்பவை. டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஹெல்சின்கியிலோ துறைமுகமே பல இடங்களில் இருக்கிறது. நாங்கள் வந்து இறங்கியது நகரின் நடுவே தெற்குத் துறைமுகத்தில். தாலின் கப்பல் புறப்பட்டது மேற்குத் துறைமுகத்தில். டிக்கெட்டில் முனையத்தின் பெயரைப் பார்த்து, அதையே காரின் ஜி.பி.எஸ். வழிகாட்டியில் போட வேண்டும்.

ஸ்டாக்ஹோமில் கப்பலின் வாய்க்குள் காரை ஓட்டிப்போனதை மறக்க முடியாது. இரும்புத் தளத்தில் சக்கரம் ஏறும்போது எழும் தடதடப்பு, டீசல் வாடை, மஞ்சள் சட்டை ஊழியரின் கைச்சைகை. அவர் முன் வண்டிக்கு ஒரு சாண் இடைவெளிவரை வரவழைத்துத்தான் உள்ளங்கையைக் காட்டினார். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, படிக்கட்டின் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு மேலே ஏறினோம். கப்பல் கிளம்பியதும் கார் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். அது தெரிந்தே இரவுக்கென்று தனிப் பை கட்டியிருந்தேன்; புளியோதரையும் போர்வையும் இருந்தன, அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை காரிலேயே தங்கிவிட்டது. வரவேற்பு மேசையில் சொன்னதும் ஓர் ஊழியர் கதவைத் திறந்து என்னோடு இறங்கி வந்து, எடுக்கும்வரை காத்திருந்தார். எல்லாக் கப்பலிலும் இதற்கு அனுமதிப்பார்கள் என்று நம்ப வேண்டாம். மாத்திரை எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

அன்று மாலை மேல்தளத்தில் அப்பா அசையாமல் நின்றார். ஸ்டாக்ஹோமை விட்டு வெகுநேரம்வரை இரண்டு பக்கமும் தீவு, தீவுக்குப் பின் தீவு. சிவப்பு மர வீடுகள், சிறு படகுத்துறைகள். பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. நள்ளிரவில் கப்பல் பின்லாந்தின் ஓலாண்ட் தீவுக்கூட்டத்திலுள்ள மரியஹாம்னில் சற்று நின்று புறப்பட்டது. அந்தத் தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக் கூட்டு வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கே தொட்டுப் போகும் கப்பல்கள் வரியில்லாமல் பொருள் விற்க முடிகிறது. எனக்கு அந்தத் தகவலைச் சொன்னது பக்கத்து மேசைப் பாட்டி. கை நிறையச் சாக்லேட் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்.

கிளைபெடாவில் கப்பலுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டோம். அந்த ஒரு நாளை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தேன், வழியில் கார் பழுதானாலும் கப்பலைத் தவறவிடக் கூடாது என்று. பழுதாகவில்லை. அந்த நாளில் சிறு ஃபெர்ரியில் குறுக்கே கடந்து கூரோனியன் மணல்திட்டுக்குப் போனோம். அங்குள்ள நீடா என்ற ஊரில் மணல்மேட்டின் உச்சிவரை அப்பாவால் ஏற முடியவில்லை. பாதியில் பலகைப் படியிலேயே உட்கார்ந்து, ஒரு பக்கம் கடலையும் மறு பக்கம் கடற்கழியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உச்சிவரை போய்வந்தார்.