சொறிக்கு ஊசி போடும் முன்

நாய்க்கு முடி கொட்டித் தோல் சிவந்தாலே சொறி என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு பெயருக்குள் குணமும் வைத்தியமும் வேறான இரண்டு சிற்றுண்ணிகள் ஒளிந்திருக்கின்றன. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. உண்ணிச் சீப்பால் வாரிப் பயனில்லை.

சார்காப்டிஸ் தோலின் மேலடுக்கைக் குடைந்து முட்டையிடும். அரிப்பு தாங்காமல், தின்றுகொண்டிருக்கும் நாய்கூட பாதியில் நிறுத்திச் சொறியும். காது ஓரம், முழங்கை, பின்னங்கால் குதி, அடிவயிறு ஆகிய இடங்களைப் பாருங்கள். காது மடலின் ஓரத்தை இரு விரலுக்கு நடுவே தேய்க்கும்போது அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால் சந்தேகம் வலுக்கும். இது மற்ற நாய்களுக்கு ஒட்டும். மனிதர் தோலில் பெருகாது. ஆனாலும் கை, வயிறு எனச் சிவந்து சில நாள் அரிக்கும்.

டெமோடெக்ஸ் முடிக்காலுக்குள் வாழ்வது. பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து குட்டிக்கு வந்து சத்தமில்லாமல் இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தால் பெருகும். கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் திட்டுத் திட்டாக முடி உதிரும். சீழ் பிடிக்கும்வரை அரிப்பு அதிகம் இராது. குட்டிப் பருவத்துக்குப் பிறகு யாருக்கும் ஒட்டாது.

அரிப்பை அடக்க ஸ்டீராய்டு ஊசி போட்டால் இரண்டு நாள் நிம்மதிதான். உள்ளே இருப்பது டெமோடெக்ஸ் என்றால் அந்த ஊசியே அதை உடம்பெங்கும் பரப்பிவிடும். ஆகவே முதலில் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். டெமோடெக்ஸுக்குத் தோலைப் பிதுக்கிவிட்டு, லேசாக ரத்தம் கசியும்வரை சுரண்ட வேண்டும். மேலாகச் சுரண்டினால் சிக்காது. சார்காப்டிஸோ ஆழமாகச் சுரண்டினாலும் பல தடவை டிமிக்கி கொடுக்கும்; 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் வந்தாலும் அறிகுறி பொருந்தினால் மருந்து கொடுத்துப் பார்ப்பதே சரி.

இப்போது ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர் போன்ற மாத்திரைகள் இரண்டுக்குமே நன்றாக வேலை செய்கின்றன. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐவர்மெக்டின் என்ற இன்னொரு மருந்து கோலி வகை நாய்களில் மூளையைத் தாக்கி உயிரையே எடுக்கலாம். அமிட்ராஸ் என்ற மருந்தைக் கலந்து ஊற்றும் குளியல் என்றால், 12.5 சதவீத மருந்தில் 2 மில்லி 1 லிட்டர் தண்ணீருக்கு; அது 0.025 சதவீதம். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் ஊற்றி, அலசாமல் அப்படியே உலரவிட வேண்டும். துடைத்துவிட்டால் மருந்தும் போய்விடும். சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு வேண்டாம். அந்த நோயுள்ளவர் கையாளவும் வேண்டாம்.

பூனைக்கு அமிட்ராஸ், பெர்மெத்ரின், பென்சைல் பென்சோயேட் ஆகிய பூச்சி மருந்துகள் மூன்றுமே ஆகாது. முயலுக்கு ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்து கூடாது. பழைய எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய் எந்தப் பிராணிக்குமே விஷம். நக்கி விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சார்காப்டிஸ் என்றால் வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் ஒரே நாளில் மருந்து தொடங்குங்கள். படுக்கையை வெந்நீரில் துவையுங்கள். முட்டை வளர்ந்து பூச்சியாக மூன்று வாரம்வரை ஆகும் என்பதால் இரண்டாவது வாரத்தில் நிறுத்தினால் திரும்ப வரும். டெமோடெக்ஸில் முடி முளைத்ததைப் பார்த்து ஏமாறக் கூடாது: ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்தும் பூச்சி இல்லை என்று வரும்வரை மருந்து தொடர வேண்டும்.