அப்பாவின் ஹேண்டில்பார்

ஜூலை 22

அப்பாவுக்குக் கைவிரல் மரத்துப்போகிறது. நரம்புச் சோதனைக்குச் சேலத்திலிருந்து தேதி இன்னும் வரவில்லை. காலையில் அப்பா சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொண்டிருந்தார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூலை 23

டப்பாவைக் கட்டியாயிற்று. உள்ளே சின்ன போர்டு, அதிர்வை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்345 சென்சார், மெமரி கார்டு, பழைய போன் பேட்டரி. அப்பாவின் சைக்கிள் கைப்பிடியை ஒட்டி இரும்புக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். ரப்பர் வைத்துக் கட்டினால் ரப்பர் ஆடுவதைத்தான் அளக்க வேண்டியிருக்கும். முன்சக்கரக் கம்பியில் காந்தம், ஃபோர்க்கில் ரீட் சுவிட்ச்; காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று என்று எண்ணும். வேகம் தெரியாமல் அதிர்வை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"கேமராவாம்மா?"

"ரோடு எப்படிக் குலுக்குதுன்னு எழுதும்ப்பா."

"அதை என்னைக் கேட்டா நானே சொல்ல மாட்டேனா?"

ஜூலை 25

பால் கேன்களோடு இண்டூருக்குப் போகும்போது அதிர்வின் வரைகோடு அடக்கமாக இருக்கிறது. காலிக் கேனோடு திரும்பும்போது ஒரே குதியாட்டம். பாரம் இறங்கியதும் அப்பா வேகமாக மிதிக்கிறார். சைக்கிள் லேசானதாலா, வேகத்தாலா? ஒரே வேகத்தில் போன துண்டுகளை மட்டும் வெட்டியெடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். வேகத்தடையில் கோடு 16 ஜி-யில், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 16 மடங்கில், முட்டித் தட்டையாகிவிடுகிறது. சென்சாரின் எல்லை அவ்வளவுதான். அதற்கு மேல் வாங்கியதெல்லாம் கைக்குத்தான் தெரியும்.

ஜூலை 26

தேதி வரவில்லை.

ஜூலை 29

அதிர்வை அலைவெண் (வினாடிக்கு எத்தனை ஆட்டம்) வாரியாகப் பிரித்தால் ஓரிடத்தில் மட்டும் ஊசி மாதிரி ஒரு மேடு. தார் ரோடு, மண் ரோடு எல்லாவற்றிலும் அதே இடம். சக்கரக் கோளாறு என்றால் வேகத்தோடு அதுவும் நகர வேண்டும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர், மணிக்கு 15 கிலோமீட்டரில் வினாடிக்கு இரண்டு சுற்றுகூட ஆகாது. இதுவோ அதைவிட எங்கோ உயரத்தில், அசையாமல் நிற்கிறது. மட்கார்டு நட்டை இறுக்கினேன், பிரேக் கம்பியை இறுக்கினேன். கடைசியில் மணியின் மூடி! விரலால் அமுக்கிக்கொண்டு ஓட்டினால் மேடு காணோம். பழைய ட்யூபில் ஒரு வளையம் வெட்டி அடியில் கொடுத்தேன்.

"இப்ப மணி சளி பிடிச்ச மாதிரி அடிக்குது" என்கிறார். ராத்திரி சாப்பிட வரும்போதும் அதையே சொன்னார்.

ஜூலை 31

காற்றுச் சண்டை. அப்பாவுக்கு டயர் கல்லு மாதிரி இருக்க வேண்டும். கொஞ்சம் இறக்கினேன், அதிர்வு நன்றாகவே குறைந்தது. "மிதிக்க இழுக்குது" என்றார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று ஏரிக்கரைச் சரிவில் மிதிக்காமல் உருள விட்டேன். கரடான பக்கம் இறக்கிய டயர் சளைக்காமல் போனது. குலுக்கலில் வீணாகும் சக்தி அங்கே மிச்சம். வழவழப்பான தாரில் கல்லு டயர் கொஞ்சம் கூடுதலாக ஓடியது. இரண்டையும் சொன்னேன். இரண்டாவதற்கு மட்டும் தலையாட்டினார்.

விடிவதற்குள் பம்பு அடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 1

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். கைக்கு வரும் அதிர்வை அளக்க ஐஎஸ்ஓ 5349 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதில் 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரைக்குத்தான் அதிக மதிப்பு. அப்புறம் எட்டு மணி நேர வேலைநாளுக்கு மாற்ற வேண்டும். அப்பா ஓட்டுவது இரண்டு மணி நேரம். கால் பங்கின் வர்க்கமூலம் அரை, ஆகவே வந்த எண்ணில் பாதி. பாதியாக்கியும் 2.5 மீ/வி²-ஐத் தாண்டுகிறது. ஐரோப்பாவின் 2002 விதிப்படி முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு அது. இங்கே முதலாளி இரண்டு எருமைகள்.

ஆனால் எனக்கு இடிப்பது வேறு. குதியாட்டம் திரும்பி வரும்போது, விரல் மரத்துப்போவதோ பாரத்தோடு போகும்போது. சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான், மற்றவை இல்லை. மேட்டில் பாரத்தோடு ஏறும்போது உள்ளங்கையின் அடியை ஊன்றி உடம்பு முழுவதையும் சாய்க்கிறார். அந்த இரண்டு விரலுக்கும் போகும் நரம்பு அந்த வழியாகத்தான் வருகிறது. நசுங்கினாலும் மரத்துப்போகும். நசுங்குவதை இந்த டப்பா எழுதாது. அதிர்வையே பார்த்துக்கொண்டிருக்கிறேனோ? சீட்டை ஒரு விரற்கடை இறக்கிப் பின்னால் தள்ளினால் சாய்வு குறையுமா? அவர் விடுவாரா?

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. பென்னாகரம் ரோடு முழுக்க ஒகேனக்கல் வண்டி. "இன்னைக்கு டப்பா வேண்டாம்மா."

ஆகஸ்ட் 4

சீட்டை இறக்கிவிட்டேன். இன்னும் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 5

கவனித்துவிட்டார். பேசவில்லை. ஆனால் மாற்றவும் இல்லை.

சாயங்காலம் சேலத்திலிருந்து போன். நாளை மறுநாள் காலை ஒன்பது மணி. சாப்பிட்டுவிட்டு வரலாமாம். கையில் எண்ணெய், தைலம் எதுவும் தடவக் கூடாதாம். சொல்லத் திரும்பினேன், அப்பா திண்ணையில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.